தோற்ற மறுநாள் காலையில் என்ன செய்தார்கள்? (விளையாட்டு வீரர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா)

#1 வைகைக்கரை

வணக்கம் மக்களே. மதுரையில் போட்டித் தேர்வுகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். குரூப் 2, குரூப் 4, வங்கித் தேர்வு எல்லாம் உண்டு. ரிசல்ட் வந்த வாரம் வகுப்பில் பாதி நாற்காலி காலியாகிவிடும். வருகிறவர்களும் நோட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது பாடம் நடத்தினால் ஏறாது. ஏதாவது பேசியாக வேண்டும்.

எங்கள் சுவர் முழுக்கக் கோப்பையைத் தூக்கும் படங்கள். வான்கடேயில் தோனி அடித்த சிக்சர், உசேன் போல்ட், மேரி கோம் என்று வரிசையாகத் தொங்குகிறார்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்புவதில்லை. போன ரிசல்ட்டின்போது ஒரு பெண் நேராகவே கேட்டுவிட்டாள்: "சார், ஜெயிச்ச கதை வேண்டாம். தோத்த மறுநாள் காலையில அவங்க என்ன பண்ணாங்க? அது தெரிஞ்சா சொல்லுங்க."

அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். நடந்த ஆட்டமாக இருக்க வேண்டும். தோற்ற பிறகு அந்த ஆள் எதை மாற்றினார், எதை விட்டார், எப்போது திரும்ப வந்தார் என்று சொன்னால் போதும். தயவுசெய்து பொன்மொழி வேண்டாம். "விடாமுயற்சி விஸ்வரூப வெற்றி" வகையறா என்னிடமே மூட்டை மூட்டையாக இருக்கிறது.

#2 அறுபத்துநாலு

சார், இது நம்ம ஏரியா. குகேஷ்.

எல்லோரும் 2024 டிசம்பர் 12-ஐத்தான் சொல்வார்கள். சிங்கப்பூர், பதினான்காவது ஆட்டம், 18 வயதில் உலக சாம்பியன். உங்கள் மாணவிக்கு வேண்டியது அதே வருடம் ஏப்ரலில் டொராண்டோவில் இருக்கிறது. கேண்டிடேட்ஸ் போட்டி: எட்டுப் பேர், 14 சுற்று, ஜெயிக்கிற ஒருவருக்கு மட்டும்தான் உலகப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு. ஏழாவது சுற்றில் அலிரேசா ஃபிரூஜாவிடம் குகேஷ் தோற்றார். நேர நெருக்கடியில் கையைவிட்டுப் போன ஆட்டம். சரியாகப் பாதிக் கிணறு தாண்டிய இடம். மறுநாள் ஓய்வு நாள்.

பட்டம் ஜெயித்த பிறகு எது திருப்புமுனை என்று கேட்டபோது அவர் காட்டியது இந்தத் தோல்வியைத்தான். அன்று ரொம்ப உடைந்துபோயிருந்தாராம். ஓய்வு நாளிலேயே மனசு தெளிந்து, ஒரு வேகமும் வந்துவிட்டதாம். எட்டாவது சுற்றில் விதித்தை ஜெயித்தார். பதின்மூன்றாவது சுற்றில் அதே ஃபிரூஜாவையும் ஜெயித்தார். கடைசியில் 14-க்கு 9 புள்ளி, முதலிடம்.

சிங்கப்பூரிலும் இதே கதைதான். முதல் ஆட்டத்திலேயே, அதுவும் வெள்ளைக் காய்களோடு, அப்போதைய சாம்பியன் டிங் லிரனிடம் தோல்வி. இரண்டாவது டிரா. மூன்றாவதில் வெற்றி. 11-வது ஆட்டத்தில் ஜெயித்து முன்னிலைக்கு வந்தார். 12-வதில் டிங் ஒருதலையாக அடித்துச் சமன் செய்தார். இன்னும் இரண்டே ஆட்டம் பாக்கி. நானாக இருந்தால் அன்றிரவு தூக்கம் வந்திருக்காது. அவர் 13-வது ஆட்டத்துக்கு வந்து வழக்கம்போல் உட்கார்ந்து ஆடினார்.

இது பிறவியிலேயே வந்த குணம் என்று யாராவது சொன்னால் 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடைக் காட்டுங்கள். வரிசையாக எட்டு ஆட்டம் ஜெயித்துவிட்டு, பத்தாவது சுற்றில் அப்துசத்தோரோவிடம் நல்ல நிலையிலிருந்து தோற்றார். தங்கம் போனது அங்கேதான் என்று ஊரே பேசியது. ஆட்டம் முடிந்தும் எழுந்திருக்க முடியாமல் அந்தப் பையன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. நடுவில் இரண்டு வருடம். ஆக, தோல்வியைச் சுமக்கிற விதம் கற்றுக்கொள்ளக்கூடியது. உலகப் பட்டப் போட்டிக்கு அவர் பேடி அப்டனை மனப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார். 2011 உலகக் கோப்பை கிரிக்கெட் அணியோடு இருந்த அதே ஆள். ஓப்பனிங்குக்குக் கோச் வைப்பதுபோல இதற்கும் ஒருவரை வைத்தார், அவ்வளவுதான்.

#3 ஜிகர்தண்டா_ஸ்பெஷல்

ஃபெடரரை விட்டுவிட்டீர்களே! 2024-இல் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசினார். 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் ஜெயித்தவர். ஆனால் ஆடிய பாயின்ட்களில் ஜெயித்தது வெறும் 54 சதவீதம். அதாவது உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரே கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒரு பாயின்ட் தோற்றிருக்கிறார். போன பாயின்ட்டை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததற்கு வருவதுதான் வித்தை. உங்கள் சுவரில் 54 என்று மட்டும் பெரிசாக எழுதி ஒட்டுங்கள் சார்.

#4 கணக்குப்பிள்ளை

ஒட்டாதீர்கள் சார். மதிப்பெண் பட்டியலில் 54 வந்தால் என்ன ஆகும் என்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்.

டென்னிஸில் 54 சதவீதம் எப்படி 80 ஆகிறது? ஸ்கோர் போடும் முறையால். பாயின்ட் சேர்ந்து கேம், கேம் சேர்ந்து செட், செட் சேர்ந்து மேட்ச். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறவனுக்கு அந்தக் கூடுதல் பெருகும். தேர்வாணையத் தேர்வில் செட்டும் கிடையாது, டைபிரேக்கரும் கிடையாது. எல்லாக் கேள்வியும் ஒரே கூட்டல், கட்-ஆஃபுக்கு ஒன்று குறைந்தால் வெளியே. சொல்லப்போனால் ஃபெடரருக்கே இது எதிராகவும் போயிருக்கிறது. 2019 விம்பிள்டன் இறுதி ஆட்டம்: ஃபெடரர் எடுத்த பாயின்ட் 218, ஜோகோவிச் 204. பதினான்கு பாயின்ட் கூட எடுத்தவர் தோற்றார். ஐந்தாவது செட்டில் 8-7, 40-15, கையில் இரண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட் வைத்துக்கொண்டு தோற்றார். இதையும் சுவரில் எழுதுவீர்களா?

குகேஷ் விஷயத்துக்கு வருகிறேன். அவர் திறமையில் எனக்குத் துளி சந்தேகமில்லை. ஆனால் அவருடைய அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர். தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனவர். அம்மா சம்பளத்தில் வீடு ஓடியது. குடும்ப நண்பர்கள் பணம் போட்டுப் போட்டிகளுக்கு அனுப்பியதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இப்போது இந்தியாவில் 80-க்கும் மேல் கிராண்ட்மாஸ்டர்கள். அந்தப் பட்டத்துக்காகப் படிப்பையும் சேமிப்பையும் வைத்து ஆடி, கிடைக்காமல் நின்றுபோனவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கும் மறுநாள் காலை விடிந்தது. அவர்களும் எழுந்து போய் உட்கார்ந்து ஆடினார்கள். திருப்புமுனை என்று பெயர் கிடைப்பது பின்னால் ஜெயித்தவரின் தோல்விக்கு மட்டும்தான்.

#5 வைகைக்கரை

கணக்கு சார், அடி சரியாக விழுந்தது. ஆனால் நான் கேட்டது வேறு. "இப்படிச் செய்தால் ஜெயிப்பாய்" என்று சொல்ல எனக்கு வாயே வராது. எங்கள் தேர்வுகளில் காலியிடம் எத்தனை, விண்ணப்பம் எத்தனை என்று தெரிந்துதான் வகுப்பு எடுக்கிறேன். தோற்ற பிறகு ஒருவன் தன் வேலையை எப்படி மறுபடி கையில் எடுக்கிறான் என்பது மட்டும்தான் கேள்வி. ஜெயிக்காதவர் கதை இருந்தாலும் போடுங்கள், இன்னும் நல்லது.

#6 ஐஜேகே_கேலரி

கிரிக்கெட் பேசாமல் தமிழ் இழை ஓடுமா?

2003-04 ஆஸ்திரேலியத் தொடர். சச்சினின் ஸ்கோர்கள்: பிரிஸ்பேனில் 0. அடிலெய்டில் 1, 37. மெல்போர்னில் 0, 44. அடிலெய்டில் இந்தியா சரித்திர வெற்றி பெற்றது, டிராவிட் உச்சத்தில் இருந்தார், அதனால் சச்சின் முடிந்தார் என்று டீக்கடையில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். கடைசி டெஸ்ட் சிட்னியில், ஸ்டீவ் வாவின் கடைசி ஆட்டம்.

ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தைத் துரத்திக் கவர் டிரைவ் ஆடப்போய் விக்கெட் விழுகிறது என்று பார்த்தார். அந்த ஷாட்டையே எடுத்துவிட்டார். அவருடைய ஷாட்களிலேயே அழகானது அது, சார்! லீயும் கில்லெஸ்பியும் ஆஃப் பக்கம் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். விட்டுவிட்டார். கால் பக்கம் வந்தபோது அடித்தார். பத்து மணி நேரத்துக்கு மேல், 436 பந்து, 241 நாட் அவுட். நான் அதிகாலையில் எழுந்து பார்த்தேன். உண்மையைச் சொன்னால் பாதி நேரம் போர் அடித்தது. ஒரு ஆள் தனக்குப் பிடித்ததைத் தானே நாள் முழுக்க மறுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்க வேறென்ன சுவாரசியம் இருக்கும்? ஆனால் இருபது வருடம் கழித்தும் நினைவில் நிற்பது அந்த இன்னிங்ஸ்தான். அதற்காகக் கவர் டிரைவை அவர் தலைமுழுகிவிடவும் இல்லை. அந்த டெஸ்டுக்கு மட்டும் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

உங்கள் பிள்ளைகளுக்கு இதுதான் நேராகப் பொருந்தும். போன தேர்வில் எதில் விக்கெட் போனது? நெகட்டிவ் மார்க் இருக்கிற தேர்வில் தெரியாத கேள்வியைத் துரத்தியதிலா? அடுத்த மாடல் டெஸ்டில் அதை மட்டும் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, அதே சிட்னி, 2021 ஜனவரி 11. நம்ம அஸ்வின். காலையில் குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாத முதுகுவலி என்று அவர் மனைவியே பின்னால் எழுதினார். எதிர்முனையில் விஹாரி, தொடைத் தசை பிடித்து ஓட முடியாத நிலை. இரண்டு பேரும் 42 ஓவருக்கு மேல் நின்று டிரா செய்தார்கள். அஸ்வின் 128 பந்தில் 39, விஹாரி 161 பந்தில் 23. ஸ்டம்ப் மைக்கில் தமிழ் கேட்டபோது வீட்டில் கைதட்டினோம். 2002-இல் ஆன்டிகுவாவில் கும்ப்ளே உடைந்த தாடையைக் கட்டுப்போட்டுக்கொண்டு வந்து 14 ஓவர் வீசி லாராவை எடுத்ததும் இந்த வரிசைதான். வலித்தாலும் நில்!

#7 மீனலோசனி

ஐஜேகே அண்ணா, சச்சின் வரைக்கும் ஜோராக இருந்தது. கும்ப்ளேயில் நிற்கிறேன்.

"வலித்தாலும் நில்" கதையை என் அலுவலகத்தில் மாதாமாதம் போடுகிறார்கள். டார்கெட் முடியாத வாரத்தில் கும்ப்ளே ஸ்லைடு கட்டாயம் வரும். காய்ச்சலோடு வந்தவளை மேடைக்கு அழைத்துக் கைதட்டவைத்த மேலாளரையும் பார்த்தாயிற்று. ஒரு விஷயம் கவனியுங்கள். கும்ப்ளே அந்த 14 ஓவர் வீசிவிட்டு அறுவை சிகிச்சைக்காக ஊருக்குக் கிளம்பிவிட்டார். தொடரின் மிச்ச ஆட்டங்களை ஆடவில்லை. ஸ்லைடில் அந்தப் பகுதி எப்போதும் காணோம்.

எனக்குச் சொல்லத் தோன்றுவது சிமோன் பைல்ஸ். டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2021 ஜூலை, ஜிம்னாஸ்டிக்ஸ் அணி இறுதிப் போட்டி. முதல் வால்ட்டில் காற்றில் இரண்டரைச் சுழற்சி செய்ய வேண்டியவர் ஒன்றரையோடு இறங்கினார். அந்தரத்தில் உடம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே பிடிபடாமல் போய்விடும் ஒரு நிலை அது. ஜிம்னாஸ்டுகளுக்கு அதற்கென்று தனிப் பேரே உண்டு. தரையில் நடக்கிறவர்களுக்குத் தலைசுற்றினால் சுவரைப் பிடிக்கலாம். அங்கே பிடிக்க ஒன்றும் கிடையாது. தலைகீழாக விழுந்தால் கழுத்து. அவர் அந்த இடத்திலேயே விலகினார். மற்ற மூன்று பேர் ஆடி அமெரிக்கா வெள்ளி எடுத்தது. "நாட்டைக் கைவிட்டாள்" என்று உலகம் முழுக்கத் திட்டினார்கள். அடுத்தடுத்த தனிப் போட்டிகளிலிருந்தும் விலகி, கடைசி நாள் பீம் போட்டிக்கு மட்டும் வந்தார். அதில் வெண்கலம். அப்புறம் இரண்டு வருடம் எந்தப் போட்டியும் இல்லை. 2024 பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி.

வைகைக்கரை சார், உங்கள் காலி நாற்காலிகளில் சிலவற்றில் இப்படி யாராவது இருக்கலாம். ஒரு முயற்சியை விட்டுவிட்டு, தூங்கி, டாக்டரைப் பார்த்து, அடுத்த அறிவிப்புக்கு வரட்டுமே.

#8 ஐஜேகே_கேலரி

பைல்ஸ் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை தங்கச்சி. ஆனால் எல்லோரும் விலகினால் சிட்னியில் யார் நிற்பது?

#9 மீனலோசனி

யார் நிற்க முடியுமோ அவர். அஸ்வினுக்கு முதுகு வலித்தது, ஆனால் பந்து எங்கே வருகிறது என்று தெரிந்தது. பைல்ஸுக்குத் தரை எங்கே என்று தெரியவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதுதான் எங்கள் மேலாளர் செய்கிற வேலை.

#10 ஸ்கார்பரோ_சிவா

எல்லாருக்கும் வணக்கம், டொராண்டோவில் இருந்து. அந்தக் கேண்டிடேட்ஸ் எங்கட ஊரில் கிரேட் ஹால் என்ற பழைய கட்டடத்தில் நடந்தது. எல்லாரும் குகேஷைக் கதைக்கிறீர்கள். அதே கட்டடத்தில் அதே நாட்களில் பெண்களுக்கான கேண்டிடேட்ஸும் நடந்தது தெரியும்தானே?

வைஷாலி. பிரக்ஞானந்தாவின் அக்கா. ஆறாம், ஏழாம், எட்டாம், ஒன்பதாம் சுற்றுகள் வரிசையாகத் தோல்வி. அந்த மட்டத்துப் போட்டியில் நாலு தொடர் தோல்வி என்றால் ஆள் முடிஞ்சுது என்று அர்த்தம். பட்டத்துக்கான வாய்ப்பு அங்கேயே போயிட்டுது. மிச்சம் ஐந்து சுற்று. பெரிசாக எதற்காக ஆட வேண்டும்? ஐந்தையும் வென்றார். ஒன்று, இரண்டு இல்லை, ஐந்தும். முடிவில் 14-க்கு ஏழரை, ஹம்பியுடனும் லெய் டிங்ஜியுடனும் இரண்டாம் இடத்தில் சமன். பட்டம் டான் ஜோங்யிக்கு.

கணக்குப்பிள்ளை அண்ணைக்கு இதைத்தான் சொல்ல வந்தனான். இதில் கோப்பை இல்லை. திருப்புமுனை என்று ஒருவரும் படம் போடவில்லை. ஆனால் வாய்ப்பு முடிந்த பிறகும் ஆடின அந்த ஐந்து ஆட்டங்கள்தான் எனக்கு அந்த வருடத்திலேயே பிடிச்ச சதுரங்கம்.

2025 ஆகஸ்டில் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸில் திரும்பவும் தொடர் தோல்விகள், சொந்த ஊரில் வைத்து. அடுத்த மாதம் சமர்கண்டில் பெண்கள் கிராண்ட் சுவிஸை வென்றார், இரண்டாம் முறையாக. அந்தப் பெண்ணுக்குத் தோல்வி ஒன்றொன்றாக வராது போல, மொத்தமாகத்தான் வரும்.

#11 களத்துமேடு

உடற்கல்வி ஆசிரியர். முன்பு கபடி ஆடியவன். நீங்கள் எல்லோரும் தனி ஆள் விளையாட்டையே பேசுவதால் வருகிறேன். கிரிக்கெட்டைக்கூடத் தனி ஆள் விளையாட்டாகத்தான் பேசுகிறீர்கள்.

கபடியில் அவுட் ஆனால் கோட்டுக்கு வெளியே போய் வரிசையாக உட்கார வேண்டும். எப்போது உள்ளே வரலாம்? நீ குட்டிக்கரணம் போட்டாலும் உன்னால் வர முடியாது. உள்ளே இருக்கிற உன் ஆள் ரெய்டு போய் ஒருவனைத் தொட்டு வந்தால், அல்லது உன் அணி எதிராளியைக் கேட்ச் பிடித்தால், ஒரு ஆள் உயிர் பெற்று உள்ளே வரலாம். அதுவும் முதலில் அவுட் ஆனவன் முதலில். இது விதி. உட்கார்ந்திருக்கிறவன் செய்ய முடிந்தது இரண்டுதான்: உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வது, எதிரணி ரெய்டர் எந்தக் காலை முதலில் போடுகிறான் என்று பார்த்துக்கொண்டே இருப்பது. தலையைக் குனிந்து மண்ணைக் கிளறுகிறவனை உள்ளே விட்டால் அடுத்த நிமிடமே வெளியே வருவான். என் மாணவர்களிடம் நான் பார்ப்பது இதைத்தான். உள்ளே எப்படி ஆடுகிறான் என்பது அப்புறம்.

நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள், சேலம் சின்னப்பம்பட்டி. 2015 ஜனவரியில் ரஞ்சியில் முதல் ஆட்டம் ஆடியதுமே பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று புகார். அதோடு வெளியே. ஆக்‌ஷனையே பிரித்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. அவர் ஒற்றை ஆளாகச் செய்த காரியமா அது? பயிற்சியாளர்கள் உட்கார்ந்து திருத்தினார்கள். ஊரில் ஜெயப்பிரகாஷ் என்ற அண்ணன் கூடவே நின்றார். அவர் பெயரின் எழுத்துகளைத்தான் நடராஜன் தன் ஜெர்சியில் போட்டுக்கொண்டார். அப்புறம் டிஎன்பிஎல் யார்க்கர், ஐபிஎல் எல்லாம். 2020-21-இல் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசப் போனவர், மற்றவர்கள் காயமாகி வெளியே போகப் போக, ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். இந்தியாவில் அதற்கு முன் யாருக்கும் அது வாய்த்ததில்லை. பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்ஸிலேயே மூன்று விக்கெட். பின்னால் சொந்த ஊரில் மைதானம் கட்டிக்கொடுத்தார்.

கணக்குப்பிள்ளை "அப்பா இருந்தார், நண்பர்கள் இருந்தார்கள்" என்று குறையாகச் சொன்னார். கபடியில் அது குறை இல்லை. அதுதான் ஆட்டமே. வைகைக்கரை சார், தேர்வு எழுதி வேலைக்குப் போன பழைய மாணவர்களை ரிசல்ட் வாரத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தால் என்ன? சொற்பொழிவு வேண்டாம். தோற்ற பிள்ளையின் விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்துத் தரட்டும்.

#12 நெறியாளர்

'மன ஆற்றல் முகாம்' விளம்பரப் பதிவுகள் இரண்டை நீக்கியிருக்கிறேன். மூன்றாவதைப் போட்டால் கணக்கையே நீக்குவேன். மற்றவர்கள் தொடரலாம்.

#13 கணக்குப்பிள்ளை

களத்துமேடு ஐயா, நான் குறையாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னேன். போஸ்டரில் அது இருப்பதில்லை என்று சொன்னேன். நீங்கள் அதையே விதியாகக் காட்டிவிட்டீர்கள், சரி.

சிவா சொன்ன வைஷாலி கதையை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு நேரம் பேசியதில் எதிரே உட்கார்ந்திருந்த ஆளைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. டிங் லிரனுக்கு மறுநாள் என்ன? அவரும் தொழில்முறை வீரர்தானே?

#14 அறுபத்துநாலு

நியாயமான கேள்வி. டிங்குக்காக நானும் வருத்தப்பட்டவன்தான், அந்த அரங்கத்தில் பாதிப் பேர் வருத்தப்பட்டார்கள்.

2023-இல் உலகப் பட்டம் வென்ற பிறகு மனச்சோர்வு, சிகிச்சை என்று பல மாதம் ஆடாமல் இருந்தார். திரும்பி வந்தபோதும் ஆட்டம் சரியில்லை. 2024 ஜனவரிக்குப் பிறகு ஒரு கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டம்கூட ஜெயிக்காமல்தான் சிங்கப்பூர் வந்தார். குகேஷ்தான் ஜெயிப்பார் என்று பெரிய பெரிய ஆட்டக்காரர்களே கணித்தார்கள். அப்படிப்பட்டவர் கறுப்புக் காயோடு முதல் ஆட்டத்தை ஜெயித்து, தோற்றதும் திருப்பி அடித்து, கடைசி ஆட்டம் வரைக்கும் கொண்டுபோனார்.

அந்தக் கடைசி ஆட்டம் டிராவாகியிருக்க வேண்டியது. அப்படி ஆகியிருந்தால் மறுநாள் ரேபிட் (வேக ஆட்ட) டைபிரேக். யானையும் (ரூக்) மந்திரியும் (பிஷப்) இரண்டு பக்கமும் இருந்தன. குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூட. சும்மா தள்ளிக்கொண்டே இருந்தார். டிங்கிடம் நேரம் குறைந்துகொண்டே போனது. 55-வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-வில் வைத்து யானைகளைப் பரிமாறக் கூப்பிட்டார். ஆனால் அவருடைய மந்திரி மூலையில், ஏ8-இல் மாட்டியிருந்தது. யானைகள் போனதும் மந்திரிகளையும் கட்டாயமாகப் பரிமாற வைக்கலாம். அப்புறம் மிச்சம் வெறும் சிப்பாய் ஆட்டம், வெள்ளைக்குத் தோல்வி. குகேஷ்கூட முதலில் கவனிக்கவில்லை என்று அவரே சொன்னார். வேறொரு நகர்த்தலைக் கிட்டத்தட்ட வைக்கப் போனவர், மூலையில் இருந்த மந்திரியைப் பார்த்துவிட்டார். அடுத்த நிமிடம் அவர் முகம் மாறியதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து போன பிறகு, குகேஷ் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே காய்களை ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் திருப்பி அடுக்கினார். ஆட்டம் முடிந்தால் காயை அடுக்கிவைக்க வேண்டும் என்று குழந்தைகள் வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். அது விட்டுப்போகவில்லை.

செய்தியாளர் சந்திப்பில் டிங், தனக்கு அந்த வருடத்திலேயே சிறந்த போட்டி இதுதான், வருத்தம் இல்லை என்றார். அந்த வருடம் அவருக்கு எப்படிப் போனது என்று தெரிந்தவர்களுக்கு அது சமாளிப்பாகப் படாது. அவருடைய கணக்கில் அது உண்மை.

#15 ஜிகர்தண்டா_ஸ்பெஷல்

54-ஐ வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், காய் அடுக்குகிற படத்தை ஒட்டுங்கள் சார்.

#16 கணக்குப்பிள்ளை

படம் ஒட்டியே ஆக வேண்டுமென்றால் அதை ஒட்டலாம்.

#17 வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. களத்துமேடு ஐயா யோசனைப்படி பழைய மாணவர்கள் சிலரிடம் பேசிவிட்டேன். கிராம நிர்வாக அலுவலராக இருக்கும் ஒருவர் ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். மீனலோசனி சொன்னதற்காக, வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் போட ஆரம்பித்திருக்கிறேன். "எப்போது வருவாய்" என்று கேட்பதில்லை.

அறுபத்துநாலு தம்பி, ஒரு உதவி. வகுப்பில் புரொஜெக்டர் இருக்கிறது. தேர்வறையில் சுலபமான கேள்வியை விட்டுவிட்டு வந்து அழுகிற பிள்ளைகள்தான் எனக்கு அதிகம். டிங் செய்தது பதற்றத்தில் வந்த தவறு. நான் கேட்பது வேறு: கண் முன்னால் கிடந்ததை ஒரு பெரிய ஆள் எடுக்காமல் விட்ட இடம். சதுரங்கம் லேசாகத் தெரிந்தவனுக்கும் புரிய வேண்டும்.

#18 அறுபத்துநாலு

இருக்கிறது சார், அதுவும் நம்ம ஆனந்த்.

2013-இல் சென்னையிலேயே கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். அந்தப் போட்டியில் கண்ணாடிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்த ஏழு வயதுப் பையன்தான் குகேஷ், அது தனிக் கதை. அடுத்த மார்ச்சிலேயே கான்டி-மான்சிஸ்க்கில் கேண்டிடேட்ஸை ஒரு தோல்விகூட இல்லாமல் ஜெயித்து எல்லோரையும் திகைக்கவைத்தார். 2014 நவம்பரில் சோச்சியில் மறுபடி கார்ல்சன். ஐந்து ஆட்டம் முடிந்து சமன்.

ஆறாவது ஆட்டம். கார்ல்சன் வெள்ளை, நல்ல நிலை. 26-வது நகர்த்தலில் ராஜாவை டி2-வுக்கு நகர்த்தினார். நகர்த்திய பிறகுதான் அவருக்கே உறைத்தது. குதிரையால் இ5 சிப்பாயை வெட்டலாம். வெள்ளை பதிலுக்கு ஜி8-இல் யானையை வெட்டினால், அதே குதிரை சி4 சிப்பாயையும் ராஜாவுக்குச் செக் கொடுத்தபடி வெட்டும். செக் தீர்ந்ததும் யானையைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். இரண்டு சிப்பாய் லாபம், ஆட்டம் தலைகீழ். ஆனந்த் ஏற்கெனவே மனதில் வைத்திருந்தபடி ஓரச் சிப்பாயை ஏ4-க்குத் தள்ளினார். தள்ளிய உடனே அவருக்கும் தெரிந்தது. அந்த ஆட்டம் போனது, தொடரும் போனது. பரிசு வரும் என்று எதிர்பார்க்காதபோது சில சமயம் அதை எடுக்காமலே விட்டுவிடுவோம் என்பதுபோல அன்று மாலை சொன்னார். மூன்று வருடம் கழித்து ரியாத்தில் 48 வயதில் உலக ரேபிட் பட்டம் வென்றார்.

கார்ல்சன் ராஜாவை நகர்த்திய நிலையைத் திரையில் போட்டு, "கறுப்பு என்ன ஆட வேண்டும்" என்று கேளுங்கள். இங்கே ஏதோ இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்; சொன்னால் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு நிமிடம் மட்டும் கொடுங்கள். ஆனந்த் யோசித்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.